உங்களுக்கு ஏற்ற கைப்பை: வீட்டுத் தரையில் தொடங்கிக் கடை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டில் என் பையின் வார் அறுந்தபோது காலை எட்டே முக்கால் மணி. எனக்குப் பின்னால் பெரிய கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸ் ஒரு பக்கம் உருண்டது, தண்ணீர் பாட்டில் இன்னொரு பக்கம். முன்பின் தெரியாத ஒரு அம்மா தன் பையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து என் சாவிக்கொத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அறுந்த பையை வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. க்ரீம் நிறம், தங்க நிறக் கொக்கி, பார்க்க அத்தனை அழகு. கடைக்குள் நுழைந்த பத்தாவது நிமிடத்தில் வாங்கியது.

அன்று மாலை அறுந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தேன். வார் பையின் உடம்போடு சேரும் இடத்தில் ஒரே ஒரு வரித் தையல். உள்ளே பலத்துக்கு ஒட்டுத்துணி எதுவும் கொடுக்கவில்லை. தினமும் நான் சுமந்த எடையைத் தாங்குவதற்கென்று செய்த பையே அல்ல அது. அந்த எடை எவ்வளவு என்று எனக்கும் அதுவரை தெரியாது.

அதற்குப் பிறகு எனக்கும் தங்கைக்கும் அலுவலகத் தோழிகள் சிலருக்கும் பை தேர்ந்தெடுக்கப் போயிருக்கிறேன். எல்லா முறையும் ஒரே வரிசைதான்: முதலில் பொருட்கள், அப்புறம் பயணம், அப்புறம் உடை, கடைசியில்தான் பை. இந்த வரிசை தலைகீழாகும்போதுதான் அலமாரியில் ஆறு பை இருந்தும் காலையில் தூக்கிக்கொண்டு கிளம்ப ஒன்றுகூட இல்லாமல் போகிறது.

முதல் படி: இப்போதைய பையைத் தரையில் கொட்டுங்கள்

ஒரு வேலைநாள் மாலை, வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் இதைச் செய்யுங்கள். பழைய செய்தித்தாளை விரித்துப் பையில் இருப்பதை அப்படியே கொட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை செய்தால் உண்மையான கணக்கு வராது. அதற்குள் பாதியை எடுத்து ஒழித்திருப்பீர்கள்.

கொட்டியதை மூன்று குவியலாகப் பிரியுங்கள். இன்று கையில் எடுத்தவை ஒரு குவியல். இன்று எடுக்கவில்லை, ஆனால் இல்லாமல் வெளியே போக முடியாது என்பவை இன்னொன்று: மாத்திரை, நாப்கின், குடை, வீட்டுச் சாவி. மூன்றாவது, எப்போது உள்ளே போனது என்றே நினைவில்லாதவை. என் மூன்றாவது குவியலில் பில் காகிதங்கள், மூடி தொலைந்த இரண்டு பேனா, கோயில் விபூதிப் பொட்டலம், இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கல்யாணப் பத்திரிகை எல்லாம் கிடந்தன. இவற்றுக்கு இடம் தேடி யாரும் பெரிய பை வாங்க வேண்டாம்.

முதல் இரண்டு குவியலையும் சமையலறைத் தராசில் வையுங்கள். தராசு இல்லையென்றால் பக்கத்து மளிகைக் கடையில் கேட்டால் போட்டுக் கொடுப்பார்கள். என் கணக்கு இது: முக்கால் லிட்டர் ஸ்டீல் பாட்டில் தண்ணீரோடு 1,050 கிராம், இரண்டடுக்கு டிபன் பாக்ஸ் சோற்றோடு 800, குடை 350, பவர் பேங்க் 230, போன் 200, பர்ஸ் 150, சாவி 100, கண்ணாடிக் கூடு 100, சில்லறைப் பொருட்கள் வைக்கும் பவுச் 200. மொத்தம் 3 கிலோ 180 கிராம். அறுந்துபோன பையை வெறுமனே எடை போட்டால் 1,100 கிராம். ஆக, நாலேகால் கிலோவைத் தினமும் ஒரே தோளில் தொங்கவிட்டிருக்கிறேன்.

பள்ளிக் குழந்தைகளின் புத்தகப் பை அவர்கள் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை. அது இரண்டு தோளிலும் மாட்டும் பைக்கு. ஒற்றைத் தோளில் மாட்டுகிற எனக்கு நானே வைத்துக்கொண்ட அளவு அதில் பாதி. 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது இரண்டே முக்கால் கிலோ. அதற்கு மேல் போனால் முதுகுப் பை வாங்குவேன், அல்லது கனமானதைத் தனிப் பைக்கு மாற்றுவேன். என் விஷயத்தில் டிபனும் பாட்டிலும் ஒரு துணிப்பைக்குப் போயின. எடை இரண்டு கைக்கும் பிரிந்தது, சாம்பார் கசிந்தாலும் போனுக்கு ஆபத்தில்லை. பவர் பேங்க் அலுவலக மேசை இழுப்பறையில் தங்கிவிட்டது.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். வெறும் பையின் எடையை யாரும் கேட்பதில்லை; ஆனால் அதுவும் உங்கள் தோளில்தான் ஏறுகிறது. தினசரிப் பை காலியாக இருக்கும்போது 700 கிராமைத் தாண்டினால் நான் எடுப்பதில்லை.

இரண்டாம் படி: எப்படிப் போய் வருகிறீர்கள்?

பையின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் ஃபேஷனைவிடப் பயணத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் அனுபவம்.

பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் போகிறவர்களுக்கு ஒரு கை கம்பியைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை டிக்கெட்டுக்கும் போனுக்கும் வேண்டும். கையில் மட்டும் பிடிக்கிற பை இங்கே உதவாது. வார் தோளில் நிற்க வேண்டும், வாய் முழுவதும் ஜிப் வேண்டும். நடுவில் ஒரே ஒரு காந்தப் பட்டன் வைத்த பை நெரிசலில் தானாகத் திறந்துகொள்ளும். கூட்டத்தில் பையை வயிற்றுக்கு முன்னால் கொண்டுவந்து பிடிப்பது நம் பெண்கள் எல்லோருக்கும் பழகிய விஷயம். அப்படிப் பிடிக்கும்போது பையின் தடிமன் ஒரு சாண் அளவுக்கு மேல் இருந்தால் முன்னால் நிற்பவர் முதுகில் இடிக்கும். அதனால் அகலமாகவும் ஒல்லியாகவும் இருக்கும் பையே ரயிலுக்கு நல்லது.

ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் சற்றுக் கவனமாகப் படியுங்கள். குறுக்காக மாட்டிய பை வண்டியில் வசதிதான். ஆனால் ஓடும் வண்டியில் யாராவது பையைப் பிடித்து இழுத்தால், அறுகாத வார் உங்களையும் சேர்த்துச் சாய்த்துவிடும். பையைச் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு ஓட்டுவதுதான் பாதுகாப்பு. ஆகவே, கடைக்கு வண்டியில் போய், பிடித்த பையை அந்தப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கடைக்காரர்கள் ஒருவரை உடன் அனுப்பிச் சம்மதிப்பதுண்டு. கெட்டியான அட்டை வைத்த பைகள் உள்ளே அடங்காது, மடியக்கூடியவைதான் போகும். பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள், நீளமான வார் சக்கரத்தின் பக்கம் தொங்காமல் மடியில் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். துப்பட்டாவுக்குச் சொல்வதுதான் இதற்கும்.

காரில் போய் வருகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. பிடித்ததை வாங்கலாம்.

மூன்றாம் படி: வடிவம்

பெயர்கள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

டோட் என்பது அகல வாய், இரண்டு கைப்பிடி வைத்த பெரிய பை. கோப்பு, டிபன், மாற்றுச் செருப்பு எல்லாம் கொள்ளும். ஏ4 காகிதம் 21 சென்டிமீட்டர் அகலம், 29.7 நீளம். அது மடியாமல் படுக்க வேண்டுமானால் பையின் உள் அகலம் 33 சென்டிமீட்டராவது இருக்கட்டும். டோட்டின் பெரிய குறை, உள்ளே எல்லாம் அடியில் போய்ச் சேர்ந்துவிடுவது. அறைகள் பிரித்த உள்பை ஒன்றைத் தனியாக வாங்கி உள்ளே இறக்கினால் அந்தக் குறை தீரும். பை மாற்றும் நாளில் அந்த உள்பையை மட்டும் தூக்கி அடுத்ததில் வைத்துவிடலாம் என்பது கூடுதல் லாபம்.

ஸ்லிங் பை குறுக்காக மாட்டுவது. போன், பர்ஸ், சாவி, ஒரு சின்னக் குடை, அவ்வளவுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் தாய்மாருக்கும் கோயில், சந்தை என்று அலைகிற நாட்களுக்கும் இதை மிஞ்சியது இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: தண்ணீர் பாட்டிலை இதில் திணித்தால் மெல்லிய வார் கழுத்தோரம் அறுக்கும்.

சாட்சல் என்கிற பெட்டி வடிவப் பை அலுவலகத்துக்குக் கம்பீரமாக இருக்கும்; எடையும் கூடுதலாக இருக்கும். ஹோபோ தொளதொளவென்று பிறை வடிவில் தொங்குவது. நம் ஜோல்னாப் பையின் உறவினர் என்று சொல்லலாம். நிறையக் கொள்ளும், உள்ளே தேடுவதுதான் சிரமம்.

லேப்டாப் சுமப்பவர்கள் தயங்காமல் முதுகுப் பைக்குப் போங்கள். சேலைக்கு முதுகுப் பை ஒத்துவராது என்று ஒரு காலத்தில் நானும் சொன்னேன். இப்போது கருப்பு, பழுப்பு நிறங்களில் ஒல்லியாக, நேர்க்கோட்டு வடிவில் அழகானவை வருகின்றன. லேப்டாப்பின் அங்குலக் கணக்கு திரையின் மூலைவிட்டத்தைத்தான் சொல்கிறது. 15.6 அங்குல லேப்டாப்பின் உடம்பு ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலம் வரும். ஆகவே உங்கள் லேப்டாப்பை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

கல்யாண வீட்டுப் பையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிளட்ச் என்கிற கைக்கு அடக்கமான பெட்டிப் பை போட்டோவில் மிக அழகாக இருக்கும். பந்தியில் உட்கார்ந்த பிறகு அதை எங்கே வைப்பது? மடியில் வைத்தால் பட்டுச்சேலையில் வழுக்கும், இலைக்குப் பக்கத்தில் வைத்தால் ரசம் ஓடிவரும். மேடையேறி மொய்க் கவர் கொடுக்க ஒரு கை, குழந்தையைப் பிடிக்க ஒரு கை. இந்தச் சூழலுக்கு நம் சுருக்குப் பையே பதில். பாட்டிமார் இடுப்பில் செருகிய அதே பையைத்தான் இப்போது ஜரிகையும் முத்தும் வைத்து பொட்லி என்று விற்கிறார்கள். மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் உங்களுடையது. கிளட்ச்சே வேண்டும் என்றால், கைச்சங்கிலியோ மணிக்கட்டு வளையமோ வைத்ததாக வாங்குங்கள். உங்கள் போன் அதற்குள் நுழைகிறதா என்றும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். பல கிளட்ச்சுகள் இன்றைய பெரிய போனுக்குப் பற்றாது.

நான்காம் படி: உங்கள் உடைக்கும் உயரத்துக்கும்

சேலை கட்டுபவர்கள் பையை வலது தோளில் மாட்டிப் பழகுவது நல்லது. முந்தானை இடது தோளில் இருக்கிறது. அதன்மேல் வார் அழுத்தினால் மடிப்பு கலையும், பின் குத்திய இடத்தில் துணி இழுபட்டு ஓட்டை விழும். ஸ்லிங் பையைச் சேலைமேல் குறுக்காக மாட்டுவதாக இருந்தால், வலது தோளில் ஆரம்பித்து இடது இடுப்பில் முடியும்படி மாட்டுங்கள். பையே முந்தானையின் ஓரத்தை அமர்த்திப் பிடித்துக்கொள்ளும்.

பட்டுக்கும் ஷிபானுக்கும் எதிரி, பையில் இருக்கும் உலோகம். சங்கிலி வார், கூர்மையான பக்கிள், பிசிறு தட்டும் ஜிப் முனை இவை இழையைப் பிடித்து இழுத்துவிடும். ஒரு பழைய ஷிபான் துப்பட்டாத் துண்டைக் கடைக்கு எடுத்துப் போய், பையின் முதுகுப் பக்கமும் உலோகத்தின் மேலும் தடவிப் பாருங்கள். எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் நாளைக்கு உங்கள் சேலையும் மாட்டும். சணல் பைகளின் சொரசொரப்பும் பட்டுக்கு ஆகாது.

கைப்பிடியின் உயரத்தையும் பாருங்கள். பையின் மேல்விளிம்பிலிருந்து கைப்பிடியின் உச்சிவரை 23 முதல் 28 சென்டிமீட்டர் இருந்தால் கை நுழைந்து தோளில் வசதியாக உட்காரும். அதற்குக் குறைந்தால் அக்குளில் இறுக்கும்; நம் ஊர் வெயிலில் அந்த இடம் முழுக்க வியர்வைக் கறை படியும். குறுக்கு வார், பையின் அடிப்பகுதி இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் கீழே வரும் அளவுக்கு இருக்கட்டும். உயரம் குறைந்தவர்கள் கவனிக்க வேண்டியது, வாரை மிகவும் சுருக்கிய நிலையில் பை எங்கே தொங்குகிறது என்பது. பல பைகள் அப்போதும் தொடையில் இடிக்கும். கூடுதல் துளை போட்டுத் தரச் சொல்லலாம்.

நிறம் உங்கள் விருப்பம். ஆனால் ஒன்று சொல்கிறேன். அலமாரியைத் திறந்து நீங்கள் அதிகம் உடுத்தும் பத்து உடைகளைக் கட்டிலில் போடுங்கள். கருப்பு எல்லாவற்றுக்கும் போகும் என்பது பொதுவாகச் சொல்வது. மஞ்சள், மெரூன் என்று சூடான நிறங்கள் நிறைந்த நம் அலமாரிக்குக் கருப்பைவிடப் பழுப்பு இன்னும் இணக்கமாக அமைவதைப் பார்த்திருக்கிறேன். வெளிர் நிறப் பை வாங்கினால் புது ஜீன்ஸின் நீலம் அதில் ஏறும். துடைத்தாலும் முழுதாகப் போகாது. அடர்நிறப் பை மலிவானதாக இருந்தால் அதன் சாயம் உங்கள் வெள்ளை சுடிதாரில் இறங்கும். ஈரக் கைக்குட்டையால் பையின் ஒரு மூலையை அழுத்தித் துடைத்தால் சாயம் நிற்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வெளிநிறத்தைவிட முக்கியமானது உள்நிறம். லைனிங் கருப்பாக இருந்தால் சாயங்காலம் ஆறரைக்கு பஸ்ஸுக்குள் சாவியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வெளிர் சாம்பல், பழுப்பு, ஏதாவது பளிச்சென்ற நிறம் உள்ள லைனிங்கைத் தேடுங்கள்.

ஐந்தாம் படி: எதனால் செய்தது?

இந்த இடத்தில்தான் ஏமாற்றம் அதிகம். நிதானமாகப் பார்ப்போம்.

கடைகளில் தோல்போல் தெரியும் பைகளில் நிறைய தோலே அல்ல. துணிமேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றியவை. நாம் பொதுவாக ரெக்ஸின் என்று சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு வகை. பிவிசி பூச்சு கனமாக, சற்று விறைப்பாக இருக்கும், வெயிலில் பிளாஸ்டிக் வாடை அடிக்கும். பியு என்கிற பாலியூரித்தேன் பூச்சு மென்மையானது, பார்க்க அசல் தோல் மாதிரியே இருக்கும். ஆனால் பல பியு பூச்சுகளைக் காற்றிலிருக்கும் ஈரப்பதம் மெல்ல மெல்லச் சிதைத்துவிடுகிறது. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் அலமாரியில் சும்மா வைத்திருந்த பைகூட இரண்டு மூன்று வருடத்தில் தோலுரிந்து செதில் செதிலாக உதிர்வதற்கு இதுதான் காரணம். உபயோகித்தால் தேய்ந்துவிடுமே என்று பொத்திப் பொத்தி வைத்த பை ஒருநாள் எடுத்துப் பார்த்தால் உரிந்து கிடக்கும். பியு பை வாங்கினால் தினமும் எடுத்துப்போய் அனுபவியுங்கள். விசேஷத்துக்கென்று எடுத்து வைக்காதீர்கள். விலையையும் அதற்கேற்பத்தான் கொடுக்க வேண்டும். இரண்டு வருடப் பொருளுக்குப் பத்து வருட விலை வேண்டாம்.

அசல் தோலிலும் தரங்கள் இருக்கின்றன. தோலின் மேலடுக்கில்தான் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும். வலு அங்கேதான் இருக்கிறது. மேற்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே பயன்படுத்தினால் ஃபுல் கிரெய்ன். மயிர்க்கால் புள்ளிகளும் சின்னத் தழும்புகளும் தெரியும், அது குறை அல்ல. மேற்பரப்பை லேசாகத் தேய்த்துச் சீராக்கினால் டாப் கிரெய்ன். அடியடுக்கை உரித்து எடுத்தது ஸ்பிளிட். அதன்மேல் பூச்சு ஏற்றி, அச்சு பதித்து மேல்தோல் மாதிரியே ஆக்கிவிடலாம். பைக்குள் ‘ஜெனுயின் லெதர்’ என்று முத்திரை இருந்தால் அதில் தோல் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். எந்த அடுக்கு என்று அது சொல்லாது. பாண்டட் லெதர் என்றால் தோல் துகள்களைப் பசையோடு சேர்த்துத் தகடாக்கியது. பைக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், மடிப்பில் வெடித்துவிடும்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? வாரின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணி இழையும் மேலே மெல்லிய படலமுமாகத் தெரிந்தால் ரெக்ஸின். விளிம்பு முழுக்க வண்ணம் பூசி மறைத்திருந்தால், பைக்குள் இருக்கும் பாக்கெட்டின் ஓரத்தையோ ஜிப் இழுக்கும் வாரையோ பாருங்கள். எங்கேயாவது ஒரு வெட்டு முனை தெரியும். அப்புறம் விரலால் அழுத்துங்கள். தோலில் விரலைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்கள் பரவும்; பூச்சுத்துணி மொத்தமாக அமுங்கி எழும். மணத்தை மட்டும் நம்ப வேண்டாம். தோல் வாசனையைச் செயற்கையாகவும் ஏற்ற முடியும்.

தோல் நம் ஊருக்கு அந்நியச் சரக்கு அல்ல. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட வழக்கம் இங்கே பழையது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் இன்றும் தோலால் அறியப்படும் ஊர்கள். குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் தொழிற்சாலையால்தான். சென்னையில் பெரியமேடு தோல் வியாபாரத்துக்குப் பெயர்போன இடம். அங்கே தோலைத் தடவிப் பார்த்தே தரம் சொல்கிற வியாபாரிகள் இருக்கிறார்கள். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டால் நிறையச் சொல்லித் தருவார்கள். மரப்பட்டை முறையில் பதனிட்ட தோல் முதலில் விறைப்பாக இருக்கும். கைபடக் கைபட நிறம் ஆழமாகி மெருகேறும். தண்ணீர்ச் சொட்டு விழுந்தால் கறை தங்கும். குரோம் முறையில், அதாவது குரோமிய உப்பால் பதனிட்டது தொடக்கத்திலேயே மென்மை, மழையையும் கொஞ்சம் தாங்கும். தினசரி பஸ் பயணத்துக்குக் குரோம் தோலையே எடுங்கள்.

தோல் பையின் விலையில் எழுதப்படாத இன்னொரு கணக்கும் உண்டு. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவால் வயலும் கிணறும் கெட்டதை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதை நினைக்கும்போதெல்லாம், தோல் பை வாங்கினால் பத்து வருடமாவது அதை வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். வருடத்துக்கு ஒன்று மாற்றுகிறவர்களுக்குத் துணியே நல்லது.

துணியில் கான்வாஸ் அருமையான பொருள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இழைகளுக்கு நடுவே ஒளி தெரியாத அளவுக்கு நெருக்கமாக இருக்கட்டும். சதுர மீட்டருக்கு 400 கிராம் எடையுள்ள கான்வாஸ் புத்தகங்களையே தாங்கும். துவைக்கலாம், தைக்கலாம், குறைந்த விலைக்குக் கிடைக்கும். 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிய பிறகு துணிப்பை எடுத்துப் போவதில் இருந்த கூச்சம் நிறையக் குறைந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். மகிழ்ச்சியாக இருக்கிறது.

நைலான் பைகள் எடை குறைவு, மழைக்கு ஏற்றவை. அவற்றில் 420, 1000 என்று டெனியர் எண் போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் கிராம் எடைதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன். அலுவலகப் பைக்கு 420 போதும். மழைக்காலத்தில் தினமும் வெளியே அலையும் வேலை என்றால் என் முதல் தேர்வு நைலான்தான், அழகில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை.

ஆறாம் படி: கடையில் கையால் சோதிப்பது

பையை வெறுமனே தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் இரண்டு குவியல்களையும் பழைய பையில் கொண்டுபோய், புதிய பைக்குள் மாற்றிப் போட்டு, கடைக்குள் ஐந்து நிமிடம் நடங்கள். இதற்கு முகம் சுளிக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

எடை ஏறியதும் வார் சேரும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே துணியோ தோலோ இழுபட்டுச் சுருங்கினால் அந்த இடம்தான் முதலில் போகும். ஒரு சதுரமும் நடுவே பெருக்கல் குறியுமாகத் தைத்திருப்பது நல்ல தையல். ரிவெட் என்கிற உலோக ஆணி அடித்திருந்தால் தையலும் சேர்ந்தே இருக்கட்டும். வார் மாட்டும் வளையத்தை உற்றுப் பாருங்கள். கம்பியை வளைத்து வாய் ஒட்டாமல் விட்டிருந்தால், எடையில் அந்த வாய் மெல்ல விரிந்து வார் நழுவிவிடும். பற்றவைத்து மூடிய வளையம் வேண்டும்.

ஜிப்பைப் பத்து முறை திறந்து மூடுங்கள். மூலை திரும்பும் இடத்தில் ரன்னர் முரண்டு பிடிக்கிறதா, லைனிங்கைக் கடிக்கிறதா என்று பாருங்கள். பிரதான ஜிப் 5ஆம் நம்பராவது இருக்கட்டும். மூடிய நிலையில் பல்வரிசை ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் அகலம் வரும். 3ஆம் நம்பர் உள்பாக்கெட்டுக்கு மட்டும் போதும். 1934இல் ஜப்பானில் தொடங்கிய ஒய்கேகே (YKK) ஜிப் நிறுவனத்தின் பெயர் ரன்னரில் பொறித்திருந்தால் நல்ல அடையாளம்தான். அந்தப் பெயரைப் போலியாகப் பொறிப்பதும் உண்டு என்பதால் கைச்சோதனையை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, லைனிங்கை வெளியே இழுத்துப் பாருங்கள். தையல் பிரிந்து அடியில் ஓட்டை விழுந்தால் சில்லறையும் கம்மலும் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். பையைக் கீழே வைத்தால் தானாக நிற்கிறதா என்றும் பாருங்கள். அடியில் நான்கு உலோகக் குமிழ் இருந்தால், ரயில் தரையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் வைக்கும்போது அடித்துணி அழுக்காகாது.

ஆன்லைனில் வாங்குவதானால்

படத்தில் எல்லாப் பையும் ஒரே அளவாகத்தான் தெரியும். அங்கே கொடுத்திருக்கும் நீள அகலத்தை எடுத்து, செய்தித்தாளில் அதே அளவுக்கு ஒரு செவ்வகம் வெட்டுங்கள். அதை இடுப்போரம் வைத்துக் கண்ணாடி முன் நில்லுங்கள். உங்கள் பாட்டிலையும் டிபனையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். சிறியது என்று நினைத்தது பெரிதாக இருக்கும், பெரியது என்று நினைத்தது போனுக்கே பற்றாததாக இருக்கும். என் தங்கை இப்படிச் செய்யாமல் வாங்கி மூன்று முறை திருப்பி அனுப்பினாள். நான்காவது முறை காகிதம் வெட்டிப் பார்த்து வாங்கியது இன்னும் அவள் தோளில் இருக்கிறது.

பொருள் விவரத்தில் ‘வீகன் லெதர்’ என்று இருந்தால் பெரும்பாலும் அது பியு அல்லது பிவிசிதான். மற்றவர்கள் எழுதிய கருத்துகளில், வாங்கிய மறுநாள் எழுதியவற்றை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து எழுதியவற்றைத் தேடிப் படியுங்கள்.

வாங்கிய பிறகு

வடகிழக்குப் பருவமழை மாதங்களில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தோல் பையில் பூஞ்சை பிடிக்கும். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும், ஹேர் டிரையர் அதைவிட மோசம். பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி வைக்காதீர்கள். பழைய தலையணை உறை போதும். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் வேண்டாம், நிறம் திட்டுத் திட்டாகக் கறுத்துச் சிக்கு வாடை வரும். கடையில் விற்கும் தோல் க்ரீமை வருடத்துக்கு இரண்டு முறை மெல்லிய துணியால் தடவினால் போதும்.

ஜிப் சரியாக மூடாமல் பிளந்துகொண்டால் பையைத் தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் பழுதாவது ரன்னர்தான், பல் அல்ல. பை தைப்பவரிடம் கொடுத்தால் சிறு செலவில் ரன்னரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார். வார் சேரும் இடத்தில் தையல் நூல் பிசிறத் தொடங்கியதும் கொடுத்துவிடுங்கள், அறுகிற வரை காத்திருக்க வேண்டாம். எங்கள் தெரு முனையில் செருப்பு தைக்கும் ஐயா என் க்ரீம் நிறப் பையின் வாருக்கு உள்ளே ஒரு தோல் துண்டு வைத்து, மெழுகு நூலால் கையாலேயே இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். அதில் இப்போது போனும் பர்ஸும் சாவியும் மட்டும்தான் போகின்றன. மூன்று வருடமாகத் தாங்குகிறது.